பல்லைப் பார்க்காமல் வந்த செல்லி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் மூன்று பேர். மாரிச்சாமி, அவருடைய மச்சினன், மாரிச்சாமியின் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் ஒரு வயதான கறுப்பு நாய்.

மச்சினன் ஒரு எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் ரஸ்க். தட்டைப் பார்த்ததும் எதிர்வீட்டு அம்மாளின் ஜன்னலில் திரை விலகியது. எங்களுக்கு ஒரே பையன், அவனும் புனேயில் வேலையில் இருக்கிறான். வீட்டில் பெண் கிடையாது. பின்னே யாரைக் கேட்டுத் தட்டோடு வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்.

"அக்கா, சார் இருக்காங்களா? உக்காந்து பேசித் தீத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்" என்றார் மாரிச்சாமி.

நான் பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்காரரின் குரல் வந்தது. "கௌரி, நான் இல்லைன்னு சொல்லு!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மாரிச்சாமி மரியாதை தெரிந்த மனிதர். கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "சார் வர்ற வரைக்கும் இருக்கோம்க்கா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். நாயும் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் கண் ரஸ்க் பாக்கெட்டை விட்டு நகரவில்லை.

அவர்கள் பேசித் தீர்க்க வந்த விஷயம், எங்கள் வீட்டுப் பின்கட்டில் கட்டியிருந்த செல்லியின் பல். செல்லி அந்தக் கறுப்பு நாயின் மகள்.

வேண்டாம் என்று சொல்கிற வேலை

சென்ற வாரம் இந்தத் தொடரில், எங்கள் வீட்டுக்காரர் ஒரு பலாப்பழத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கதையை எழுதியிருந்தேன். பெருங்களத்தூரிலிருந்து ஒரு வாசகி, "ஒரு மனுஷர் இப்படியெல்லாம் இருப்பாரா? நீங்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறீர்கள்" என்று கடிதம் போட்டிருக்கிறார். கூட்டவில்லை அம்மா, குறைத்துத்தான் எழுதுகிறேன். இந்த இதழ் எங்கள் வீட்டிலும் படிக்கப்படுகிறது.

இவருக்கு முப்பது வருடம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவு. வருகிற உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, அளவு தப்பியதை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மாலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் மற்றவர்களின் வேலை முடிந்துவிடும். இவருடைய வேலை மட்டும் ரயிலேறி வீட்டுக்கு வரும்.

தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரர்கள் இவரைத் தூரத்தில் பார்த்ததும் சாக்கை இழுத்து மூடுவார்கள். சுவர்க் கடிகாரம் வாங்கினால் அது ஒரு நிமிடம் பின்தங்குகிறது என்று மூன்று முறை மாற்றுவார். புதுக் கதவு வைத்தபோது ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். நான் போடும் தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் கனம் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். சட்டினியைத் தொட்டுக்கொண்டு அதைச் சாப்பிடவும் செய்வார் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் மனிதர் இளைத்துப்போனார். நான் காலையில் காட்டாங்குளத்தூர் கல்லூரி அலுவலகத்துக்கு ரயிலேறிவிடுவேன். சாயங்காலம் வந்தால், வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாய்கள் எத்தனை விநாடிக்கு ஒரு சொட்டு விடுகின்றன என்று எழுதி வைத்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் இவரோடு வேலை பார்த்த ஒருவர் தன் லேப்ரடாரை நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய் ஒரு கோப்பை வாங்கி வந்துவிட்டார். அதை வாட்ஸாப்பில் பன்னிரண்டு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். இவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கோப்பை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாய்ப் பேச்சு ஆரம்பித்தது.

விற்கிற நாய் இல்லை

வெளிநாட்டு நாய் வேண்டாம், நம்மூர் நாய்தான் வேண்டும் என்று முடிவானது. அதிலும் கன்னி இனம். கரேலென்ற உடம்பு, புருவத்திலும் காலிலும் பழுப்பு, ஒல்லி இடுப்பு, ஓட ஆரம்பித்தால் காற்று. தெற்கத்திச் சீமையின் வேட்டை நாய்.

பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் மாரிச்சாமியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்துக் கேண்டீன் ஒன்றில் மேற்பார்வையாளர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம், அதில் இரண்டு மூன்று கன்னி நாய்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

எட்டு மாதக் குட்டி ஒன்று துள்ளிக்கொண்டு வந்து இவருடைய செருப்பை மோந்தது. இவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், குறை எதுவும் சொல்லவில்லை.

"என்ன விலை?" என்று கேட்டார்.

மாரிச்சாமி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "சார், விலைன்னு சொல்லாதீக. கன்னிய நாங்க விக்கிறதில்ல. எங்க பக்கத்துல பொம்பளப்பிள்ளையக் கட்டிக் குடுக்கையில கூடவே இதையும் குடுத்து விடுவாக. விக்கிற சாமான் இல்ல இது. குடுக்கிறதுதான்."

"அப்போ ஃப்ரீயா?"

"வளத்ததுக்குப் பால் காசுன்னு வெத்தலைக்கு அடியில வைப்பாக. எம்புட்டுன்னு நாங்க கேக்க மாட்டோம். நீங்க கொறச்சு வைக்கவும் மாட்டீக."

இவர் மயங்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் பில்லும் கேரண்டி அட்டையும் பார்த்தே பழகியவர், ஒரு பொருளை ஒருவர் தட்டில் வைத்துக் கொடுக்கிறார் என்றதும் குழந்தையாகிவிட்டார். நல்ல நாள் பார்த்தார். ராகுகாலம் பார்த்தார். என்னைப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொன்னார். தான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். பழைய மாருதியின் முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அங்கே போனால், குட்டியைக் குளிப்பாட்டி நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி கட்டி வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுகிற நேரத்தில் இவருக்குள் இருந்த பழைய பரிசோதகர் ஒரு கணம் தலையை நீட்டினார். குட்டியின் தாடையைப் பிடிக்கக் கை போனது.

மாரிச்சாமியின் மச்சினன் அப்போதுதான் கும்பிட்டபடி சொன்னார். "எங்க வீட்டுப் பிள்ளையக் குடுக்கோம் சார். நல்லா வச்சுக்கோங்க."

இவருடைய கை அப்படியே திரும்பி வந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தது. கத்தரிக்காயைக் காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற மனிதர், நாயின் வாயைத் திறந்து பார்க்காமல் வாங்கி வந்தார். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. நான் பார்த்தேன்.

செல்லி என்று பெயர் வைத்ததும் இவர்தான்.

மூன்றரை மில்லிமீட்டர்

மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது. செல்லிக்காக நான் ஞாயிறு தோறும் பஸ் பிடித்துக் கோவளம் போய், படகு வந்து இறங்குகிற நேரத்தில் நின்று மீன் வாங்கினேன். சங்கரா மீன் தலையை அது கடிக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இவர் அதற்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அதாவது அது ஓடியது, இவர் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கிற நாள் வந்தது. மருத்துவரிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். சேலையூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர், சின்ன வயதுப் பெண். ஊசி போட்டதற்கான அட்டையைப் பார்த்தார், இதயத் துடிப்பைக் கேட்டார், கடைசியில் உதட்டைத் தூக்கினார்.

"சார், கீழ்த்தாடை கொஞ்சம் முன்னாடி வந்திருக்கே. வாங்கும்போது சொல்லலையா?"

மேல்வரிசைப் பல் கீழ்வரிசைக்கு வெளியே இருக்க வேண்டுமாம். செல்லிக்கு அது தலைகீழ். கீழ்வரிசை வெளியே, மேல்வரிசை உள்ளே. உதட்டை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது.

"சாப்பிடறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சார். ஓடறதுக்கும் இல்ல. கண்காட்சியில மட்டும் வாயைத் திறந்த உடனே வெளிய அனுப்பிடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் பீரோவைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்த வெர்னியர் அளவியை எடுத்தார். செல்லியை மடியில் போட்டுக்கொண்டு அதன் பல்லுக்கு நடுவில் வைத்து அளந்தார். செல்லி அதை நக்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். மூன்று முறை.

"மூன்றரை மில்லிமீட்டர்" என்றார். யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்கிற குரல்.

அப்புறம் போனை எடுத்தார். "பல்லு இப்படின்னு தெரிஞ்சுதானேய்யா தலையில கட்டினே? குங்குமம் வேற வச்சு!" என்று கத்தினார். மறுமுனையில் மாரிச்சாமி பதில் சொல்லவில்லை. அது இவருடைய கோபத்தை இன்னும் கிளப்பியது. "பார்த்தியா, பதில் இல்ல. குத்தம் உள்ளவன் எப்படிப் பேசுவான்?" என்று என்னிடம் கேட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலையே நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் இவர் ஒரு நீண்ட செய்தி போட்டார். மாரிச்சாமியின் பெயர், ஊர், போன் எண் எல்லாம் போட்டு, குறையை மறைத்து விற்கிறவர், யாரும் இவரிடம் நாய் வாங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். கீழே மூன்றரை மில்லிமீட்டர். அதற்கும் கீழே செல்லியின் உதட்டைத் தூக்கிப் பிடித்து எடுத்த படம். இருநூறு பேருக்கு மேல் உள்ள குழு. கோபமான மூஞ்சிகளாக வந்து விழுந்தன.

நான் மறைத்தது

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குற்றம் செய்தது மாரிச்சாமி இல்லை. நான்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால், இவர் முன்கட்டில் மச்சினனோடு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாரிச்சாமி குட்டியைத் துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அக்கா, ஒரு விசயம். மறைச்சுக் குடுத்தா மனசு கேக்காது" என்று குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். "கீழ்ப்பல்லு வெளிய நிக்கி. ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒண்ணும் செய்யாது. சாருகிட்டச் சொல்லிட்டு அப்புறமாத் தட்டு மாத்துவோம்."

நான் குனிந்து பார்த்தேன். குட்டி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நீங்க சொல்லாதீங்க. நானே அவர்கிட்ட பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றேன். இன்னும் ஒன்றும் சொன்னேன். அது பின்னால் வரும்.

"நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்று உறுதியும் வாங்கிக்கொண்டேன். அவர் தலையாட்டினார். ஆனால் நான் இவரிடம் சொல்லவே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். என் முன்பற்கள் தூக்கல். இத்தனை வாரமாக இந்தத் தொடரின் தலைப்பில் என் படத்தைப் பார்க்கிறீர்களே, அதில் வாய் மூடித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குக் கொடுத்த படமும் அப்படித்தான். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில், "சிரிக்காதம்மா, உதட்டைச் சேத்து வை" என்று அப்பாவும் போட்டோக்காரரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று நான் பேசிய மொத்த வார்த்தை "ம்". அதையும் இரண்டு தரம்தான் சொன்னேன். அடக்கமான பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்களாம். என்னையும் அடக்கத்தையும் சேர்த்துப் பார்த்த என் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டாவது நாள் ஏதோ ஒன்றுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "போட்டோவுல வாயை மூடிட்டு இருக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும்" என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான் நடந்தது. மாமியாரும் நானும் பிறகு நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் அந்தப் பக்கம் திரும்புகிற சத்தம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

ஆகையால் மூன்று வாரமும் நான் செய்த தில்லுமுல்லுகளைக் கேளுங்கள். செல்லிக்குச் சோறு வைப்பது என் வேலை என்று முந்திக்கொண்டேன். பகலில் நான் ஆபீஸில் இருக்கும்போது அது பின்கட்டில் தூங்கிக் கிடக்கும், அந்த மட்டும் பிழைத்தேன். அது கொட்டாவி விடும்போதெல்லாம், "என்னங்க, கேஸ்காரர் கூப்பிடறார் பாருங்க" என்று இவரை வாசலுக்கு விரட்டினேன். ஒரு சாயங்காலத்துக்கு நாலு முறை கேஸ்காரர் வருகிற வீடு தாம்பரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இவர் படம் எடுக்க வந்தால், "செல்லி, வாயை மூடு" என்று என்னையறியாமல் சொல்வேன்.

கண்டுபிடித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழுவில் அந்தச் செய்தி வந்தது. அப்போதும் சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதரின் பெயர் என்னால் தெருவில் கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டி ஆபீஸுக்குப் போய்வந்தேன். வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதும்.

கூடத்தில் நாலு நாற்காலி

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அரை மணி நேரம் "வீட்டில் இல்லாமல்" இருந்த இவர், மாடியிலிருந்தே போன் போட்டு, எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற தாஸைக் கூப்பிட்டார். அவர்கள் பக்கம் இரண்டு பேர் இருந்தால் நம் பக்கமும் ஒருவர் வேண்டுமே. தாஸ் ஆட்டோவை எங்கள் வாசலிலேயே குறுக்காக நிறுத்திவிட்டு வந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு தான் எந்தப் பக்கம் என்பதை மறந்துவிட்டு நீதிபதியாகிவிட்டார்.

முதலில் மாரிச்சாமி அந்தக் கறுப்பு நாயை முன்னால் இழுத்தார். "பெத்தவளக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். வாயப் பாருங்க."

இவர் வெர்னியரோடு கீழே உட்கார்ந்து பார்த்தார். அதன் பல் வரிசையில் ஒரு அப்பழுக்கும் இல்லை. பின்கட்டிலிருந்து செல்லியைக் கூட்டி வந்தேன். அது அம்மாவைப் பார்த்து வாலைச் சுழற்றிக் குதித்தது. பெற்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தட்டிலிருந்து ரஸ்க் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

இவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட குறைகள். தாஸ் பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"இரு சார். இன்னா இது, ஹைகோர்ட் மாதிரி கீது? நாய் துன்னுதா?"

"தின்னுது."

"கொலைக்குதா?"

"குரைக்குது."

"அப்பால இன்னா சார் பேஜாரு?"

"தாஸ், என் பாயின்ட் அது இல்ல. சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, வேணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். மறைச்சுக் குடுத்தா அது ஏமாத்து வேலையா இல்லையா?"

தாஸ் யோசித்தார். "அது கரீட்டு. இன்னாபா சொல்ற?" என்று மாரிச்சாமியைப் பார்த்தார்.

நான் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மாரிச்சாமி என்னைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புத்தான் சார். நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதேன். பால் காசு இந்தா வெத்தலைக்கு அடியிலயே இருக்கு. அந்தக் குரூப்புல போட்டத மட்டும் எடுத்துருங்க. ரெண்டு பேரு குட்டி வேணாம்னுட்டாக, அது கிடக்கட்டும். எங்க ஊர்க்காரக அதுல நெறையப் பேரு இருக்காக சார். எங்க அய்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டுருக்காக, ஒம்மவன் இப்படியாமேன்னு."

சொல்லிவிட்டு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த செல்லியின் கயிற்றை எடுத்தார். கயிற்றைப் பார்த்தால் செல்லிக்கு வெளியே போகிற சந்தோஷம். அதுவாகவே போய்க் கழுத்தை நீட்டியது.

நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் வந்தேன்.

"அவர் சொன்னார்" என்றேன்.

"யார் என்ன சொன்னா?" என்றார் இவர்.

"மாரிச்சாமி. பல்லைப் பத்தி. தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டார். உங்ககிட்ட நான் சொல்றேன்னு நான்தான் சொன்னேன். சொல்லலை. அவரையும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் தடுத்தேன்."

நாற்காலிக்கு அடியில் ரஸ்க் உடைகிற சத்தம் கேட்டது.

"அய்யய்யே, கேஸு நம்ம வூட்டுப் பக்கமே திரும்பிப்பூச்சே" என்றார் தாஸ்.

இவர் மாரிச்சாமியிடம் திரும்பினார். "அப்போ ஏன்யா நீ வாயைத் திறக்கலை? நான் போன்ல அவ்வளவு பேச்சுப் பேசினேனே!"

"அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்லா சார்."

"அன்னிக்கு அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

மாரிச்சாமி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"'அவர் பல்லைப் பாத்தா வேணாம்னுருவார். அவர் வாயாலே வேணாம்னு ஒரு தடவ சொல்லிட்டா, அப்புறம் அது எங்க வீட்ல இருந்தாலும் இல்லாத மாதிரிதான்'னாங்க சார்."

இவர் தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.

"நான் எப்போ வேணாம்னு சொன்னேன்?" என்றார்.

நாயைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கேட்டது நாயைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"சொல்லலை" என்றேன். "நல்லா இருக்குன்னும் இந்த இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் சொல்லலை."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்கு முன்னால் தட்டை வைத்திருக்கலாம் என்று தோன்றியது, வைக்க இடம் இல்லை. காபி ஆடி வழிந்தது. மச்சினன் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

இவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கறதைப் பத்திச் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அந்தக் கேள்வியில் கள்ளம் எதுவும் இல்லை. குறை இருந்தால்தான் இந்த மனிதருக்குப் பேச்சு வரும். சரியாக இருப்பதைப் பார்த்தால் பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அப்படித்தான் முப்பது வருடம் வேலை பார்த்தார். அன்றைக்குப் பேப்பரில் பக்கத்தைத் திருப்பியதும் அதுதான் போலிருக்கிறது. இது எனக்குப் புரிய ஒரு நாயின் தாடை வேண்டியிருந்தது.

தாஸ் எழுந்துவிட்டார். "இன்னா சார், இப்டி கேக்கற? பொம்பளை மன்சு நொந்து நின்னுகினு கீது. இப்பவாச்சும் சொல்லு சார். கூச்சமா இருந்தா நாங்க வேணா அந்தாண்ட திரும்பிக்கிறோம்."

சொன்னபடியே சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாரிச்சாமி கயிற்றோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். மச்சினன் காபித் தட்டோடு வாசல் பக்கம் திரும்பினார். மூன்று முதுகுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும், செல்லியும்.

இவர் தொண்டையைக் கனைத்தார். மேலதிகாரி முன்னால் அறிக்கை படிக்கிறவர்போல நிமிர்ந்து நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காலண்டரைப் பார்த்தபடியே தாஸ் கேட்டார். "எது சார்? நாயா, அக்காவா? க்ளியரா சொல்லு. நாளைக்கு மறுபடியும் பஞ்சாயத்துக்கு இட்டாறக் கூடாது."

இவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்தார். குனிந்து செல்லியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும்தான்" என்றார்.

மாரிச்சாமி கயிற்றை ஆணியில் மாட்டினார். இவர் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து, குழுவில் போட்டிருந்ததை நீக்கினார். நீக்கிவிட்டால் போதாது என்று புதிதாக ஒன்றை எழுதினார். எழுதியதை மாரிச்சாமிக்குப் படித்தும் காட்டினார். "மேற்படி மாரிச்சாமி அவர்கள் நாயின் பல் பற்றி முன்கூட்டியே தெரிவித்திருந்தார். நேர்மையானவர். தகவல் என் மனைவியால் நிறுத்தி வைக்கப்பட்டது. வருந்துகிறேன்."

இருநூறு பேரும் அதைப் படித்தார்கள். என் அலுவலகத்தில் நாய் வளர்க்கிற மூன்று பேரும் அதில் இருந்தார்கள் என்பது திங்கட்கிழமை காலை எனக்குத் தெரியவந்தது.

இருக்கட்டும். இருபத்தேழு வருடம் காத்திருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கினேன். அதிலும் பாதியை நாய்க்குக் கொடுக்க வேண்டியிருந்தது.